அமெரிக்காவில் ரெண்டு வருஷ கிரிமினல் ஜஸ்டிஸ் படிப்பு: 36 லட்சம் போட்டா திரும்பி வருமா?

புளியரை காய்வண்டி

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் புளியரை, செங்கோட்டைக்கு மேற்கே கேரள எல்லை. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய் ஏற்றி ஆரியங்காவு வழியா புனலூர், கொட்டாரக்கரை கடைகளுக்குக் கொண்டு இறக்குறது என் தொழில். வண்டிக்கு இன்னும் டியூ ஓடுது. டீசல், டியூ எல்லாம் போக மாசம் 22 ஆயிரம், சீசன் நல்லா இருந்தா 25 ஆயிரம் நிக்கும்.

கேள்வி என் தங்கச்சிக்காக. இந்த வருஷம் பிளஸ் டூவில் 600-க்கு 521 எடுத்திருக்கா. ஆறாவதுல இருந்தே போலீஸ் வேலைதான்னு சொல்லிட்டு இருக்கிற பிள்ளை. போன மாசம் திருநெல்வேலியில் ஒரு ஓட்டலில் வெளிநாட்டுப் படிப்புக்குன்னு கூட்டம் போட்டாங்க. தோழி கூப்பிட்டான்னு போயிட்டு, கையில ஒரு தாளோட வந்தா. அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் ரெண்டு வருஷ அசோசியேட் டிகிரி, பாடம் கிரிமினல் ஜஸ்டிஸ்.

தாளில் ஏஜென்ட் பேனாவால எழுதின கணக்கை அப்படியே போடுறேன். காலேஜ் கட்டணம் வருஷத்துக்கு 10,500 டாலர். வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸ் சேர்த்து வருஷத்துக்கு 11,000. ரெண்டு வருஷத்துக்கு 43,000 டாலர். டாலருக்கு 85 ரூபாய் வச்சு 36 லட்சத்து 55 ஆயிரம். விசா, டிக்கெட், அவங்க சர்வீஸ் சார்ஜ் எல்லாம் தனி. கீழே இன்னொரு வரி: போலீஸ் ஆபீசர் சம்பளம் ஆண்டுக்கு 77,000 டாலர், நம்ம பணத்துல 65 லட்சம். அதைச் சுத்தி வட்டம் போட்டிருக்கார். ஒரே வருஷத்துல போட்ட காசு கைக்கு வந்துடும்னு சொன்னாராம்.

பேங்குல விசாரிச்சேன். ஏழரை லட்சத்துக்கு மேல போனா சொத்து ஈடு வேணும்னாங்க. எங்ககிட்ட இருக்கிறது கார், பிசானம்னு ரெண்டு போக நெல்லும் விளையுற 62 சென்ட் வயல் ஒண்ணுதான். அப்பா ஆரியங்காவு பக்கம் ரப்பர் பால் வெட்டி, சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கினது. அதை வச்சு 25 லட்சம் எடுத்தா, 11 சதவீத வட்டிக்கு மாசம் 34,400 வீதம் பத்து வருஷம் கட்டணும். மீதிக்கு அம்மா நகை, நான் போட்டுட்டு வர்ற சீட்டு.

அப்பா ஒண்ணும் பேச மாட்டேங்கறார். அம்மா, "பிள்ளை ஆசைப்படுது, எப்படியாவது பாரு"ன்னு சொல்றாங்க. எனக்கும் அவளை அனுப்பி வைக்கணும்னுதான் இருக்கு. இந்தப் படிப்பு அந்தக் காசுக்குத் தகுமா? இல்லை இங்கேயே குற்றவியல் படிக்க வைக்கலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. இன்னும் முன்பணம் எதுவும் கட்டலை.

நெல்லை குற்றவியல்

அண்ணே, இங்கே படிச்சவன் நான். இளங்கலையில் வேற பாடம், முதுகலை மட்டும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில். குற்றவியலுக்கும் குற்றவியல் நீதிக்கும் அங்கே தனித்துறையே இருக்கு. பாடம் அருமையான பாடம். குற்றம் ஏன் நடக்குது, பாதிக்கப்பட்டவங்களுக்கு என்ன செய்யணும், சிறை எதுக்கு இருக்குன்னு யோசிக்கப் பழக்கி விட்டுச்சு.

ஆனா வேலைன்னு வந்தப்ப எனக்குக் கிடைச்சது குடும்ப வன்முறையில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கான மையம் ஒண்ணுல வழக்குப் பணியாளர் வேலை. ஒப்பந்தம், தொகுப்பூதியம் 18,000. வேலையில மனசு ஒட்டிப் போச்சு, அதனால இருக்கேன். கூடப் படிச்சவங்க சிலர் தனியார் செக்யூரிட்டி கம்பெனியில், சிலர் வங்கிகளுக்கு மோசடி விசாரிக்கிற வேலையில். போலீசுக்குப் போனவங்க எல்லாரும் தேர்வு எழுதி, ஓடி, குதிச்சுப் போனவங்கதான். "குற்றவியல் படிச்சிருக்கியா, வா"ன்னு யாரையும் கூப்பிடலை. 36 லட்சத்தைப் பத்தி எனக்குத் தெரியாது. பாடம் வேற, வேலைக்குப் போற வழி வேறங்கிறதை மட்டும் தங்கச்சிகிட்ட சொல்லுங்க.

செங்கோட்டைப் பொண்ணு, நியூஜெர்சி

தம்பி, நான் பிறந்தது செங்கோட்டை. கல்யாணம் ஆகி கிரீன் கார்டோடு இங்கே வந்தவள். நீங்கள் கேட்கும் அதே அசோசியேட் பட்டத்தை இங்கே கவுண்டி காலேஜில், பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, ராத்திரி வகுப்பில் படித்து முடித்தேன். இப்போது நீதிமன்ற அலுவலகத்தில் வேலை. அதனால் ஒவ்வொரு வரியையும் நிதானமாகப் படியுங்கள்.

எனக்கு அந்தப் படிப்பு தகுந்தது. காரணம் என்னிடம் இருந்த கார்டு. உள்ளூர்வாசிக் கட்டணத்தில் ஒரு கிரெடிட், அதாவது ஒரு பாட அலகு, 150 டாலர் சுமாருக்கு முடிந்தது. 60 கிரெடிட்டுக்கு 9,000 டாலர். அதிலும் ஒரு பகுதியை அரசின் பெல் உதவித்தொகை ஏற்றுக்கொண்டது. குடியுரிமை அல்லது கிரீன் கார்டு இருப்பவர்களுக்குத்தான் அது. வாடகை வீட்டுக்காரருடைய சம்பளத்தில் போயிற்று. உங்கள் தங்கை வரப்போவது எஃப்-1 மாணவர் விசாவில். கட்டணம் வெளிநாட்டவர் கட்டணம், பெல் கிடையாது, முதல் வருடம் வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்க முடியாது. வளாகத்துக்குள் வேலை கிடைத்தாலும், வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். சாப்பாட்டுச் செலவுக்குக் கை கொடுக்கும், கடனை அடைக்காது.

ஏஜென்ட் வட்டம் போட்ட 77,000 டாலர் பொய்யான எண் இல்லை. இங்குள்ள தொழிலாளர் துறை 2024-க்கு வெளியிட்ட கணக்கில் போலீஸ், துப்பறிவாளர்களின் நடு ஊதியம் ஏறக்குறைய அதுதான். அதே கணக்கில் சிறைக் காவலருக்கு 58,000 பக்கம், தனியார் காவலாளிக்கு 38,000 பக்கம். தப்பு எங்கே என்றால், அந்த 77,000-ஐ உங்கள் தங்கை வாங்க முடியும் என்று சொன்னதில்தான். கூட்டாட்சி அமைப்புகளில் துப்பறியும் வேலைக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். நியூயார்க் மாநகர போலீஸ் முன்பு 60 கல்லூரி கிரெடிட் கேட்டது, 2025-ல் 24 ஆகக் குறைத்தது. குடியுரிமை வேண்டும் என்பதை மட்டும் அப்படியே வைத்திருக்கிறது. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் குடியுரிமை நிபந்தனையைத் தளர்த்தியிருக்கின்றன. ஆனால் எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. துப்பாக்கி தொட முடியாதவரை இந்த ஊரில் போலீசில் எங்கே வைப்பார்கள்?

படித்து முடித்தால் ஓபிடி என்று 12 மாதம் வேலை பார்க்க அனுமதி உண்டு, அதுவும் படித்த துறையிலேயே. அறிவியல், தொழில்நுட்பப் பாடம் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்பு கிடைக்கும். கிரிமினல் ஜஸ்டிஸ் அந்தப் பட்டியலில் வராது. அதற்குப் பிறகு தங்க ஹெச்-1பி என்ற வேலை விசா வேண்டும். அதற்குக் குறைந்தது நாலு வருட இளங்கலையாவது தேவை, அசோசியேட் போதாது. உடனே ஏஜென்ட், "அப்படியே யுனிவர்சிட்டிக்கு மாறி இன்னும் ரெண்டு வருடம் படித்தால் இளங்கலை ஆகிவிடும்" என்பார். மாறலாம், உண்மை. அந்த ரெண்டு வருடக் கட்டணம் முதல் ரெண்டு வருடத்தைவிட மிகவும் கூடுதல். அதைத் தாளில் எழுதித் தந்தாரா என்று பாருங்கள்.

இங்குள்ள பிள்ளைகளுக்கே இது யோசித்துச் சேர வேண்டிய படிப்புதான். பல ஊர் போலீசுக்கு ஹைஸ்கூல் முடித்து அகாடமி பயிற்சி முடித்தால் போதும். பட்டம் பதவி உயர்வில் உதவலாம். என் வகுப்பில் இருந்தவர்களில் ஏற்கெனவே சிறைக் காவலர் வேலையில் இருந்துகொண்டு, அலுவலகச் செலவில் படித்தவர்களுக்குத்தான் லாபம். சும்மா வந்து கடன் வாங்கிப் படித்தவர்கள் சிலர் இன்றைக்கும் மால் வாசலில் காவலாளிச் சட்டையோடு நிற்கிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளின் கதி இது. நம் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள்.

தென்காசி ஓய்வு எஸ்.எஸ்.ஐ.

தம்பி, நான் ரெண்டாம் நிலைக் காவலரா சேர்ந்து சிறப்பு உதவி ஆய்வாளரா ஓய்வு பெற்றவ. உங்க ஊர் சோதனைச் சாவடியிலயும் நின்னிருக்கேன். காய்வண்டிக்காரங்க படுற பாடு தெரியும். அந்த 22 ஆயிரம் எப்படி வருதுன்னும் தெரியும். அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

முதல்ல வயல். அந்தப் பத்திரத்தை எங்கயும் கொண்டு போய் வைக்காதீங்க. நியூஜெர்சி தங்கச்சி சொன்னதுக்கு மேல நான் அமெரிக்காவைப் பத்திச் சொல்ல ஒண்ணும் இல்ல. நம்ம பக்கத்துக் கணக்கை நான் சொல்றேன்.

நம்ம மாநிலத்துல ரெண்டாம் நிலைக் காவலருக்குப் படிப்புத் தகுதி பத்தாம் வகுப்பு. உங்க தங்கச்சிக்கு இன்னைக்கே தகுதி இருக்கு. சம்பள விகிதம் 18,200-ல ஆரம்பிச்சு 67,100 வரைக்கும். அகவிலைப்படி இப்ப அடிப்படைச் சம்பளத்துல பாதிக்கு மேல போயிட்டதால, ரெண்டும் சேர்ந்தே 27 ஆயிரத்தைத் தாண்டும். வீட்டு வாடகைப்படி அதுக்கு மேல. எஸ்.ஐ. வேலைக்கு ஏதாவது ஒரு பட்டம், வயசு குறைஞ்சது 20. விகிதம் 36,900-ல இருந்து 1,16,600. அகவிலைப்படியோட ஆரம்பத்துலயே 55 ஆயிரத்துக்கு மேல வரும். இதுல 'ஏதாவது ஒரு பட்டம்'கிறதை நல்லாப் பாருங்க. தமிழ் இலக்கியம் படிச்ச பிள்ளையும் எஸ்.ஐ. ஆகலாம், கணக்கு படிச்ச பிள்ளையும் ஆகலாம். ஆனா அந்த ரெண்டு வருஷ அமெரிக்கப் படிப்பு இங்க இளங்கலைக்குச் சமமா நிக்காது. 36 லட்சம் செலவழிச்சு வந்து, எஸ்.ஐ. விண்ணப்பத்துல பட்டம்கிற கட்டத்தை நிரப்ப முடியாம நிக்கணும். சரி, காவலராவது ஆகட்டும்னு சேர்ந்தா, முதல் மாசச் சம்பளம் மொத்தத்தையும் எடுத்துக் கொடுத்தாலும் உங்க 34,400 தவணைக்குப் பத்தாது. படிக்கிற காலத்து வட்டி வேற அதுக்கு மேல ஏறியிருக்கும்.

இப்ப செலவு. பிள்ளை ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளின்னா புதுமைப் பெண் திட்டத்துல காலேஜ் முடியுற வரைக்கும் மாசம் ஆயிரம் ரூபாய் அவ கணக்குலயே விழும். 2022-ல வந்த திட்டம். குற்றாலத்துல பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கு, சுரண்டையில அரசுக் கல்லூரி இருக்கு. டவுன் பஸ்ஸுல பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்ல. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துல தன்னார்வப் பயிலும் வட்டம்னு வச்சு, சீருடைப் பணியாளர் தேர்வுக்கு இலவசமாவே வகுப்பு எடுக்கிறாங்க. காவலர் தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணம் 250 ரூபாய். ஒரு நல்ல ஷூ வாங்குங்க, அது கொஞ்சம் விலை ஆகும், அதுல மிச்சம் பிடிக்காதீங்க. வேற பெரிய செலவுன்னு எனக்கு ஒண்ணும் தோணல.

சட்டம், தடயம், விசாரணை எல்லாம் படிக்கணுமேன்னு பிள்ளை கேட்கும். கேட்கட்டும், நல்ல கேள்வி. எஸ்.ஐ. ஆனா வண்டலூர் பக்கம் ஊனமாஞ்சேரி போலீஸ் அகாடமியில உக்கார வச்சு அதையெல்லாம் சொல்லிக் கொடுப்பாங்க, சம்பளமும் கொடுப்பாங்க. பாரதிய நியாய சன்ஹிதா, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாக்ஷ்ய அதினியம்னு புதுக் குற்றவியல் சட்டம் மூணும் 2024 ஜூலை 1-ல இருந்து நடைமுறைக்கு வந்துட்டதால பழைய ஆளுங்களே மறுபடி படிச்சுட்டுதான் இருக்காங்க. எந்த நாட்டுப் பாடத்துக்காக இவ்வளவு காசு கொடுக்கிறோம்னு நினைச்சுப் பாருங்க. அந்த ஊர்ச் சட்டத்தைப் படிச்சுட்டு செங்கோட்டை ஸ்டேஷன்ல எஃப்.ஐ.ஆர். எழுத முடியாது.

வேலை எப்படி இருக்கும்னும் பிள்ளைக்குத் தெரியணும். புளியரையில ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு லோடு வண்டி வரும். மேல ரெண்டு வரிசை தக்காளிப் பெட்டி, அடியில மூட்டை. பில்லுல மில் அரிசின்னு இருக்கும். எங்க ஏட்டையா எனக்குக் காட்டிக் கொடுத்தது: குத்தூசி போடுறதுக்கு முன்னால மூட்டை வாயைத் தடவிப் பாரு. மில்லுல இருந்து வந்த மூட்டைன்னா மெஷின் தையல், நூல் நுனியைப் பிடிச்சு இழுத்தா ஒரே ஓட்டமா பிரியும். ரேஷன் அரிசியை மாத்திக் கட்டின மூட்டையில கைத்தையல், தையல் இடைவெளி ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை. அதுக்கு அப்புறம் குத்தூசியைப் போட்டு அரிசியை உள்ளங்கையில கொட்டிப் பார்ப்போம். கேரளா லாட்டரிச் சீட்டும் இப்படித்தான், அங்க அரசே நடத்துறது, இங்க 2003-ல இருந்து தடை. ஸ்டெப்னி டயருக்குள்ள கட்டு கட்டா இருக்கும். இதெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்துலயும் வராது. நின்னு, பார்த்து, பக்கத்துல இருக்கிற பெரியவங்ககிட்ட கேட்டுத்தான் வரும்.

குற்றாலம் சீசன்னா மெயின் அருவியில பெண்கள் பக்கம் பந்தோபஸ்து. காலையில போட்ட யூனிஃபார்ம் சாரல்ல நனைஞ்சு, உடம்புலயே காய்ஞ்சு, திரும்ப நனையும். விசில் ஊதி ஊதி உதடு வெடிச்சுப் போகும். தண்ணி கூடுதுன்னு தெரிஞ்ச நிமிஷம் அத்தனை பேரையும் வெளிய ஏத்தணும், யாரும் கேட்க மாட்டாங்க, குழந்தையைத் தூக்கிட்டு நாமளே ஓடணும். கழிப்பிடம் இல்லாத இடத்துல பத்து மணி நேரம் நிக்கிற பந்தோபஸ்தும் உண்டு, பொம்பளைப் போலீசுக்கு அதுதான் பெரிய கஷ்டம். இதையும் பிள்ளைகிட்ட மறைக்காம சொல்லுங்க. இதைக் கேட்ட பிறகும் அவ "சரி"ன்னா, அவளுக்கு இந்த வேலை பிடிக்கும்.

பதவி உயர்வையும் சொல்லிடுறேன். எங்க காலத்துல ரெண்டாம் நிலையில பத்து வருஷம், முதல் நிலையில அஞ்சு வருஷம், ஏட்டா பத்து வருஷம், அப்புறம்தான் எஸ்.எஸ்.ஐ. நேரா எஸ்.ஐ. எழுதிப் போனா அந்த 25 வருஷமும் மிச்சம். அதனால பட்டம் முக்கியம். எந்தப் பட்டமா இருந்தாலும் முக்கியம். காவலரா சேர்ந்துட்டாலும், பட்டம் இருந்தா எஸ்.ஐ. தேர்வுல துறைக்காரங்களுக்குன்னு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கு.

குற்றவியல் படிப்பு வேண்டாம்னு நான் சொல்லல. போக்சோ வழக்குல ஒரு குழந்தைகிட்ட வாக்குமூலம் வாங்கப் போறப்ப யூனிஃபார்ம் போட்டுட்டுப் போகக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. அது ஏன்னு புரிஞ்சு நடக்கிற ஆளும், சட்டம் சொல்லுதேன்னு சேலை மாத்திட்டுப் போற ஆளும் ஒண்ணு இல்ல. அந்தப் புரிதல் படிப்புல வரும். வேலைக்கு வந்த பிறகு தொலைதூரக் கல்வியில அவ சம்பாத்தியத்துலயே படிக்கட்டும்.

கஷ்டமான விஷயம் ஒண்ணு. அறிவிப்பு வருஷா வருஷம் ஒழுங்கா வராது. லட்சக்கணக்குல எழுதுவாங்க. முதல் தடவையே கிடைச்சுடும்னு யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனா கிடைக்காமப் போனாலும் பிள்ளை கையில ஒரு பட்டம் இருக்கும், உங்க வயல் உங்ககிட்ட இருக்கும்.

கழுதுருட்டி தோட்டம்

புளியரை அண்ணாச்சி, உங்க வண்டி எங்க வாசல் வழியாத்தான் போகும். எல்லைக்கு இந்தப் பக்கத்துக் கணக்கையும் கேட்டுக்கோங்க. கேரளாவில் சிவில் போலீஸ் ஆபீசருக்கு, அதாவது உங்க ஊர்க் காவலர் மாதிரி வேலைக்கு, பிளஸ் டூ, விகிதம் 31,100 முதல் 66,800. எஸ்.ஐ.க்குப் பட்டம், 45,600 முதல் 95,600. பார்க்க நல்லா இருக்கும். ஆனா உங்க தங்கச்சிக்கு இங்கே ஜாதி ஒதுக்கீடு எதுவும் வராது, பொதுப் பிரிவில்தான் போட்டி. ஸ்டேஷன்ல உக்கார்ந்தா எழுத்து முழுக்க மலையாளம். என் மச்சான் பிள்ளை இங்கேயே பிறந்து மலையாளத்துல படிச்சவன், அவனே பி.எஸ்.சி.ங்கிற கேரள அரசுப் பணித் தேர்வாணையத்தோட ரேங்க் லிஸ்ட்ல பேர் வந்தும் நியமனத்துக்குக் காத்துக்கிட்டு இருந்தான். எஸ்.எஸ்.ஐ. அக்கா சொன்ன வழியே சரி.

புளியரை காய்வண்டி

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி லோடு இறக்கிட்டு வந்து வீட்டுல எல்லாரையும் உக்கார வச்சு ஒவ்வொண்ணா வாசிச்சுக் காட்டினேன். அப்பா முதல் தடவையா வாயைத் திறந்து, "அந்த துப்பாக்கி விஷயத்தை இன்னொரு தடவை வாசி"ன்னார்.

ஏஜென்டுக்கு போன் போட்டு மூணு கேள்வி கேட்டேன். எஃப்-1-ல இருக்கிற பிள்ளையை எந்த ஊர் போலீஸ் எடுக்கும்? ஓபிடி எத்தனை மாசம்? யுனிவர்சிட்டி மாறினா எவ்வளவு? முதல் கேள்விக்கு, "போலீஸ்தான்னு இல்லை, செக்யூரிட்டி லைன்ல நிறைய ஸ்கோப்"ன்னார். மத்த ரெண்டுக்கும் நேர்ல வாங்கன்னார். நான் போகலை.

எஸ்.எஸ்.ஐ. அக்கா, ஒரு சந்தேகம். தமிழ் வழியில் படிச்சவங்களுக்கு 20 சதவீதம் இருக்குன்னு சொல்றாங்க. தங்கச்சி ஆறாவதுல இருந்து செங்கோட்டை அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். ஆனா அப்பா தோட்டத்துல இருந்த காலத்துல ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் அந்தப் பக்கம் மலையாள மீடியத்துல படிச்சா. அவளுக்கு அந்த 20 சதவீதம் வருமா?

தென்காசி ஓய்வு எஸ்.எஸ்.ஐ.

வராது தம்பி. 2020-ல சட்டத்தைத் திருத்திட்டாங்க. ஒண்ணாம் வகுப்புல இருந்து, அந்த வேலைக்கு என்ன தகுதியோ அது வரைக்கும் முழுக்கத் தமிழ் வழியிலயே படிச்சிருந்தாதான் அந்த ஒதுக்கீடு. எல்லையோர ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய இழப்புதான், தோட்டத்து ஜனங்க எத்தனையோ பேருக்கு இந்தச் சிக்கல் இருக்கு, எனக்கும் வருத்தம்தான். யாராவது "சர்டிபிகேட் வாங்கித் தர்றேன்"னு வந்தா கிட்டயே சேர்க்காதீங்க. சரிபார்ப்புல கிழிச்சுடுவாங்க, பிள்ளை பேர் கெட்டுப் போகும். பெண்களுக்கு 30 சதவீதம் இருக்கு, அது போதும். தமிழ்த் தகுதித் தேர்வு பத்தாம் வகுப்புத் தரம், 40 சதவீதம் எடுத்தா தேறிடலாம். அதுல தேறலைன்னா மத்த விடைத்தாளைத் திருத்தவே மாட்டாங்க. அதனால இலக்கணத்தை அலட்சியமா விட வேண்டாம்.

ஜாதிச் சான்று, இருப்பிடச் சான்று ரெண்டையும் இப்பவே இ-சேவையில போட்டு வாங்கி வைங்க. பிள்ளை கேரளாவுல கொஞ்ச நாள் படிச்சிருக்கான்னா தாசில்தார் ஆபீசுல கூடுதலா ஒரு கேள்வி வரும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினா அல்லாடணும். அப்பா பேர்ல வயல் பட்டா இருக்குல்ல, அதையும் கையோட கொண்டு போங்க.

உயரம் என்ன? பெண்களுக்கு 159 சென்டிமீட்டர் வேணும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 157. சுவர்ல நிக்க வச்சு டேப்பால அளக்காதீங்க, ஆஸ்பத்திரி ஸ்டாண்டுல அளந்து பாருங்க.

புளியரை காய்வண்டி

161 இருக்கா அக்கா. இனி அவளே டைப் பண்றேங்கறா.

அக்கா வணக்கம். நான்தான் தங்கச்சி. அமெரிக்கா ஆசை எனக்கு அந்தத் தாளைப் பார்த்த பிறகு வந்ததுதான். போலீஸ் ஆசை முன்னாடியே இருந்தது. நீங்க அருவியில நின்னதைப் பத்தி எழுதினதை வாசிச்சேன். எனக்குச் சரி. பராசக்தி காலேஜுக்கு விண்ணப்பம் போட்டிருக்கேன், பி.ஏ. தமிழ். 400 மீட்டர் ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஓடிடுறேன். நீளம் தாண்டுறதுதான் வரலை. பலகைகிட்ட வந்ததும் கால் தடுமாறி, குட்டி குட்டியா அடி வச்சுட்டு குதிக்கிறேன். இங்கே சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. என்ன செய்யணும்?

தென்காசி ஓய்வு எஸ்.எஸ்.ஐ.

வா தாயி. 400 மீட்டருக்கு ரெண்டரை நிமிஷம் கொடுப்பாங்க, அதைப் பத்திக் கவலையே வேண்டாம். ஆனா காலேஜ் சேர்ந்த பிறகும் ஓட்டத்தை விட்டுடாதே.

தாண்டுறதுக்கு ஓடி வர்ற தூரத்தை நீ அளக்கலைன்னு நினைக்கிறேன். பலகையில நின்னு, முதுகைக் குழிக்குக் காட்டிட்டு, வந்த திசையிலயே திரும்பி முழு வேகத்துல ஓடு. அண்ணனைப் பக்கத்துல நிறுத்தி, பன்னிரண்டாவது அடி எங்க விழுதுன்னு ஒரு குச்சியை நடச் சொல்லு. அதுதான் நீ கிளம்ப வேண்டிய இடம். அங்க இருந்து ஓடி வந்தா பலகையில கால் தானா விழும். விழலைன்னா குச்சியைத் தள்ளி நடு, அடியைச் சுருக்காதே. கடைசி மூணு அடியில கீழ பார்க்கக் கூடாது, கண்ணு எதிர்ல இருக்கட்டும். முதல் ஒரு வாரம் குதிக்கவே வேண்டாம், ஓடி வந்து பலகையில கால் வச்சுட்டு அப்படியே குழிக்குள்ள ஓடிப் போ. மண்ணைக் கிளறி விட்டுட்டு ஆரம்பி, கெட்டி மண்ணுல குதிச்சா முழங்கால் போயிடும்.

குண்டு எறியிறதுக்கு நாலு கிலோ இரும்புக் குண்டு பள்ளிக்கூடத்துலயே இருக்கும். பி.டி. டீச்சர்கிட்ட கேளு, பழைய மாணவின்னா கொடுப்பாங்க. அண்ணன்கிட்ட சொல்லி, தென்காசி வழியா வண்டி வர்ற ஒரு ஞாயித்துக்கிழமை உன்னையும் ஏத்திட்டு வரச் சொல்லு. காலையில ஆறு மணிக்கு மைதானத்துக்கு வந்துடு. இங்க இன்னும் நாலு பிள்ளைங்க ஓடுது, சேர்ந்து பழகலாம். உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நகலும், ஆதாரும் எடுத்துட்டு வா, பயிலும் வட்டத்துல பேர் கொடுத்துடலாம்.